தக்கலையில் அப்பாவும் அதிரும் பலகையும்

இந்த முறை 35 நாள் லீவு. வழக்கமாகத் திருவனந்தபுரத்தில் இறங்கினால் களியக்காவிளை தாண்டியதும் வண்டியை நிறுத்தி ஒரு சாயா குடிப்பேன். இந்த முறை எங்கும் நிற்காமல் தக்கலைக்கு வந்து சேர்ந்தேன். அப்பாவுக்கு இடதுபக்கம் வாதம் அடித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மஸ்கட்டிலிருந்து வீடியோவில் பார்த்த அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே அம்மாவின் தோள் வேண்டும் என்பது நேரில் வந்த பிறகுதான் தெரிந்தது.

வந்த இரண்டாம் நாளே சித்தப்பா ஒரு நோட்டீஸோடு வந்தார். வைப்ரேஷன் மெஷினில் நின்றால் போதும், வாதம் வந்த கால் தானாக நடக்கும் என்று போட்டிருந்தது. அம்மாவுக்கு வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் காட்டி எண்ணெய் போட ஆசை. அப்பாவுக்கு எதிலும் ஆசை இல்லை. பணம் அனுப்புகிறவன் நான் என்பதால் முடிவும் என் தலையில் விழுந்தது.

நோட்டீஸ் போட்ட இடத்துக்கே முதலில் போனோம். ஏசி அறை, பளபளக்கும் பலகை, பிடித்துக்கொள்ளக் கம்பி. 20 சிட்டிங்குக்கு முன்பணம் கட்டச் சொன்னார்கள். அப்பாவின் டிஸ்சார்ஜ் சீட்டை யாரும் கேட்கவில்லை. வாதம் வந்த இரண்டாம் மாதம் அந்தக் காலில் இரத்தம் கட்டி வீங்கியிருந்தது என்று நானாகச் சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணும் செய்யாது சார்" என்றார் கவுண்டரில் இருந்த தம்பி. அங்கேதான் எனக்கு மனசு விட்டுப்போனது. காலில் இரத்தக்கட்டி, பேஸ்மேக்கர், சமீபத்திய எலும்பு முறிவு, வலிப்பு, இவை இருந்தால் அந்தப் பலகையில் ஏற்றக்கூடாது. ஏற்றும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

நாகர்கோவிலில் பிறகு போன இடம் சின்னது, ஃபேன் மட்டும்தான். அங்கிருந்த பிசியோதெரபி பெண் சீட்டு முழுவதையும் படித்துவிட்டு, "டாப்ளர் ஸ்கேன் பார்த்து டாக்டர் சரின்னு சொன்னா வாங்க" என்று திருப்பி அனுப்பினார். காலின் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன் அது. அதில் இரத்தக்கட்டி இல்லை, டாக்டரும் சரி என்றார். நாலு நாள் போயிற்று, ஆனால் நிம்மதியாகப் போனோம்.

முழங்காலை லேசாக மடக்கிக் கம்பியைப் பிடித்து நிற்க வேண்டும். பலகை நொடிக்கு 30 தடவை, சில மில்லிமீட்டர் அளவுக்கு மேலும் கீழும் அதிரும். முக்கால் நிமிடம் நின்றால் ஓய்வு, மறுபடியும் முக்கால் நிமிடம். டாக்டர் முழங்காலில் சுத்தியலால் தட்டினால் கால் உதறுகிறதே, அதே விஷயம்தான் என்று விளக்கினார் அந்தப் பெண். தசை சட்டென்று இழுபட்டால் தானே சுருங்கும். அதிர்வு ஒவ்வொன்றும் ஒரு குட்டித் தட்டு. இறங்கியதும் அப்பா சொன்னது: "லேய் மக்கா, இதுக்கு நம்ம ரோட்டில ஆட்டோல போனா போதுமே."

ஏழு சிட்டிங் போனோம். பலகையிலிருந்து இறங்கினால் கணுக்கால் விறைப்பு ஒரு மணி நேரத்துக்குக் குறைந்திருக்கும், அப்புறம் பழையபடிதான். நடையில் வித்தியாசம் தெரியவில்லை. இதையே அந்தப் பிசியோதெரபி பெண்ணிடம் நேரடியாகக் கேட்டேன். அவரும் மழுப்பாமல், இது மட்டும் நடக்க வைக்காது, பயிற்சியோடு சேர்த்துத்தான் என்றார். ராத்திரி உட்கார்ந்து தேடினேன். 2006-ல் நெதர்லாந்தில் வாதம் வந்த 53 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் பலகையிலும் மறுபாதியைப் பாட்டுக்கேற்ற உடற்பயிற்சியிலும் ஆறு வாரம் விட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் தேறியது, ஆனால் பலகைக்காரர்கள் கூடுதலாகத் தேறவில்லை. அப்பாவிடம் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். "பாட்டே போடு" என்று அன்றைக்கே பலகையைக் கைவிட்டார்.

உண்மையில் கால் மாறியது வீட்டில்தான். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021-ல் அரசு தொடங்கிய திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா சொல்லி, அம்மா ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் கொடுத்தார். வந்த பெண் எந்த மெஷினும் கொண்டுவரவில்லை. எங்கள் சாப்பாட்டு நாற்காலியைச் சுவரோரம் போட்டு, நல்ல காலைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, வாதக் காலைப் பின்னால் இழுத்து வைத்து, "இப்ப எழும்புங்க தாத்தா" என்றார். அப்படி வைத்தால் பாரம் வாதக் காலில்தான் விழும், ஏய்க்க முடியாது. ஒரு நேரத்துக்குப் பத்து தடவை, நாளுக்கு மூன்று நேரம். முதல் நாள் அப்பாவால் நாலுதான் முடிந்தது. அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

நான் கிளம்பும்போது அம்மாவின் தோள் இல்லாமல் எழும்பினார், கம்பை ஊன்றி வாசல்படி வரை வந்தார். கை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

இப்போது தினமும் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் வீடியோ வருகிறது. அம்மாதான் எண்ணுகிறார். ஏழுக்கப்புறம் ஒன்பது வருகிறது. அப்பாவும் கண்டுகொள்வதில்லை, நானும் கேட்பதில்லை.