‘டீசல் மிச்சம்’ என்று விற்கும் பாய்ப்படகு புரொப்பல்லர்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்

மக்களே, மீன்பிடித் தடைக்காலத்தில் போட்டைக் கரையேற்றினால் போதும், பொருள் விற்க ஆள் வந்துவிடும். நம் குமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, கிழக்கே சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15-லிருந்தே. அப்போதுதான் போட்டைத் தள்ளும் புரொப்பல்லர், அதைச் சுற்றும் தண்டான ஷாஃப்ட், அந்தத் தண்டைத் தாங்கும் புஷ் எல்லாவற்றையும் கழற்றிப் பார்ப்போம். வேலைக்கென்று கடன் வாங்கிய பணமும் கையில் இருக்கும். இது தெரிந்து வந்த ஒரு பழைய பொருள் வியாபாரி, என் அத்தானும் நானும் பங்குக்கு ஓட்டும் போட்டுக்கு 85,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு புரொப்பல்லரைத் தலையில் கட்டிவிட்டார். புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. பொருளைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன்.

“அண்ணாச்சி, இது வெள்ளக்காரன் பாய்ப்படகுல இருந்து கழட்டினது. பிளேடு தானாத் திரும்பும். டீசல்ல கால்வாசி மிச்சம், நான் கேரண்டி.” இதை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவும் அனுப்பினார். எங்கள் 40 குதிரைத்திறன் எஞ்சினுக்குச் சரியாக இருக்குமா என்று அத்தான் இரண்டு முறை கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம் என்றார். மாட்டிக்கொடுத்ததும் அவர் அனுப்பிய ஆள்தான்.

முதலில் இந்தச் சாமான் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். இதற்கு ஃபெதரிங் புரொப்பல்லர் என்று பெயர். பாய் விரித்து நெடுந்தூரம் போகிற படகுகளுக்காகச் செய்தது. அவர்கள் துறைமுகத்துக்குள் வர, காற்று விழுந்தால் ஓட்ட, இதற்குத்தான் எஞ்சின் வைத்திருக்கிறார்கள். மற்ற நேரம் எஞ்சின் நின்றிருக்கும். அப்போது சாதாரண மூன்று பிளேடு புரொப்பல்லர் தண்ணீரில் இழுபட்டு அரை நாட் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்), சில படகில் ஒரு நாட் வேகத்தைக்கூடத் தின்றுவிடும். ஃபெதரிங்கில், பிளேடுகள் பொருந்தியிருக்கும் நடுக்குடத்துக்குள் பல்சக்கரங்கள் இருக்கும். எஞ்சினை நிறுத்தி ஷாஃப்ட் சுற்றாமல் பிடித்துக்கொண்டால், பிளேடுகள் தண்ணீர் ஓடும் திசைக்கு நேராகத் திரும்பிக்கொள்ளும், இழுவை போய்விடும். ரிவர்ஸ் போட்டால் பிளேடு முழுதாகப் புரண்டு அதே முன்விளிம்பால் தண்ணீரை வெட்டும். அதனால் பின்னால் எடுக்கையில் பிடிப்பு அருமையாக இருக்கும். பாய்ப்படகுக்காரர் பணம் போட்டு வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இப்படிப் புரள வேண்டுமென்றால் பிளேடு தட்டையாகத்தான் இருக்க முடியும். நம் சாதாரண புரொப்பல்லரைக் கையில் எடுத்துப் பாருங்கள், அடியில் செங்குத்தாகவும் நுனிக்குப் போகப் போகச் சாய்ந்தும் முறுக்கிக்கொண்டே போகும். முன்னோக்கித் தள்ளுவதில் அந்த முறுக்குக்குத்தான் வலு அதிகம். கரையை விட்டதிலிருந்து வலை போடும் இடம் வரை எஞ்சினிலேயே ஓடுகிற நமக்கு ஃபெதரிங்கால் டீசல் மிச்சமாக வழியே இல்லை, கூடத்தான் செலவாகும். பாய் கட்டி ஓடிய நம் தாத்தா காலத்து வள்ளத்தில் எஞ்சினும் இருந்திருந்தால் இது உதவியிருக்கும். இந்த உண்மையை மறைத்து விற்றதைத்தான் நான் மோசடி என்கிறேன்.

தடை முடிந்து இறக்கினோம். எஞ்சின் தட்டில் 2,400 ஆர்பிஎம் என்று போட்டிருக்கிறது. முழுதாக முறுக்கியும் 1,900-ஐத் தாண்டவில்லை. கரும்புகை, சூடு வேறு. வேறு ஏதோ எஞ்சினுக்கும் கியர் விகிதத்துக்கும் வைத்த பிளேடு கோணம் எங்கள் எஞ்சினுக்கு மீறிய சுமையாகிவிட்டது. கோணத்தை மாற்ற முடியும், ஆனால் அதற்கான அளவுத் தாளோ சாவியோ அவர் தரவில்லை. கியர் மாற்றும்போதெல்லாம் பின்னாலிருந்து ‘டங்’ என்று ஒரு அடி. இதையும் பொறுத்திருப்போம். வலை இழுக்கும்போது அறுந்த நைலான் நூல் பிளேடின் அடியில் சுற்றி, பிளேடுகள் திரும்பாமல் இறுகிவிட்டன. நூல் சுற்றி இறுகினால் என்ன ஆகும்? போட் முழுக்க உதறியது, ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. வாளியால் இறைத்துக்கொண்டே மெதுவாகத் தேங்காப்பட்டணம் துறைமுகம் வந்து சேர்ந்தோம். பையன்கள் இரண்டு பேர் கூட இருந்தார்கள், அதை நினைத்தால் இப்போதும் கோபம் அடங்கவில்லை.

கழற்றி நாகர்கோவிலில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த பெரியவர் முதலில் குடத்தைத் திருப்பிப் பார்த்தார். விட்டமும் பிட்சும் (ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) அங்குலத்தில் குத்தியிருக்க வேண்டிய இடம் அரத்தால் ராவப்பட்டு, மேலே கறுப்பு பெயிண்ட். பெயிண்டைச் சுரண்டினால் உலோகம் மஞ்சளாக இல்லை, செம்புபோல இளஞ்சிவப்பாக இருந்தது. துத்தநாகம் உப்புநீரில் கரைந்து போனால் இந்த நிறம் வரும், உலோகம் உளுத்துவிட்டது என்று அர்த்தம். சின்னச் சுத்தியலால் பிளேடைத் தட்டினார். நல்ல வெண்கலம் கணீரென்று கேட்கும், இது ‘தொப்’ என்றது. குடத்தின் முனையில் அரிப்பைத் தாங்க ஒரு துத்தநாகக் கூம்பு இருக்க வேண்டும், அதுவும் இல்லை. அப்புறம் துளையில் நீலச் சாயம் தடவி ஷாஃப்டில் ஏற்றி இறக்கிக் காட்டினார். பெரிய வாய்ப் பக்கம் மட்டும் சாயம் ஒட்டியிருந்தது, துளை முழுதும் ஷாஃப்டில் பொருந்தவில்லை என்று அர்த்தம். மில்லிமீட்டர் ஷாஃப்டுகளில் கூம்புச் சரிவு பெரும்பாலும் பத்துக்கு ஒன்று, அமெரிக்க அங்குல அளவில் பதினாறுக்கு ஒன்று. இரண்டும் ஒன்றோடொன்று உட்காராது. பாரம் முழுவதும், புரொப்பல்லர் ஷாஃப்டில் வழுக்காமல் பிடிக்கும் சாவிக்கட்டையில் விழுந்து அதன் விளிம்பு நசுங்கிப் போயிருந்தது.

பழைய புரொப்பல்லர் எதுவானாலும், பணம் கொடுக்கும் முன் பெயிண்டைச் சுரண்டி நிறம் பாருங்கள், தட்டிப் பாருங்கள். எண் ராவியிருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். வலமா இடமா எந்தச் சுற்று என்று கேளுங்கள். சாயம் தடவிப் பார்க்காமல் மாட்ட விடாதீர்கள். திரும்பும் பிளேடு என்றால் ஒவ்வொன்றாக நுனியைப் பிடித்து ஆட்டுங்கள், குடத்துக்குள் லொடலொடவென்றால் பல் தேய்ந்திருக்கிறது. மாட்டியபின் ஓட்டிப் பார்க்கையில் எஞ்சின் தன் முழு ஆர்பிஎம்மைத் தொட வேண்டும். தொடாவிட்டால் அன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

எங்களுக்கு அவர் தந்தது ஒரு துண்டுச் சீட்டு, “பழைய சாமான், பணம் பெற்றேன்” என்று மட்டும். திருப்பிக் கேட்டதற்கு “தொழிலுக்கு வாங்கினா நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது” என்று மிரட்டினார். அது பொய். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே வாங்கிய பொருளுக்குப் புகார் செய்யலாம் என்று தெளிவாக இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். விவரம் கேட்க நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். நாங்கள் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்துவிட்டோம். சீட்டைவிட அந்த வாட்ஸ்அப் குரல் பதிவுதான் கைகொடுக்கும் என்று வக்கீல் சொல்கிறார். ஆகவே யார் என்ன உறுதி சொன்னாலும் பதிவாக வாங்கி அழிக்காமல் வையுங்கள்.

இதே மாதிரி இன்னும் இரண்டு உருப்படி கையில் இருப்பதாக அவர் எங்களிடமே சொன்னார். உங்கள் கரைக்கு யாராவது மூன்று பிளேடு, கறுப்பு பெயிண்ட் அடித்த குடம், எண் இல்லாதது என்று கொண்டுவந்தால், போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். பட்டறைப் பெரியவரிடம் காட்டிச் சொல்கிறேன். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.