கூடலூரில் முன் ஸ்ப்ராக்கெட் வேலை தெரிந்த ஒரு பட்டறை

குமுளி மலை ஏறி இறங்குகிற டூவீலர்காரர்களுக்கு இது உதவும். தேனி மாவட்டத்துக் கூடலூரில், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே, பெயர்ப்பலகை இல்லாத ஒரு பட்டறை இருக்கிறது. ஒருவர்தான் வேலை பார்க்கிறார். என் ஸ்ப்ளெண்டருக்கு அவர் செய்த வேலையில் எனக்கு முழுத் திருப்தி.

பன்னீர் திராட்சைப் பெட்டி கட்டிக்கொண்டு லோயர் கேம்ப் தாண்டி மேலே போகிற வண்டி அது. வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி முறுக்கும்போதெல்லாம் இடது கால் பக்கம் டக்கென்று ஓர் அடி விழும். கம்பத்தில் ஒரு கடையில் செயின் செட் முழுசும் மாற்றணும் என்றார்கள். இவர் செயினைச் சுற்றவிட்டுப் பார்த்தார், பல்லைத் தடவிப் பார்த்தார், "செயின் நல்லாத்தான்ணே இருக்கு" என்று சொல்லிவிட்டு இடது பக்கக் கவரைக் கழற்றினார். அப்பியிருந்த மண்ணையும் கிரீஸையும் மண்ணெண்ணெய் தொட்டு பிரஷ்ஷால் கழுவினார். "நீங்களே பிடிச்சு ஆட்டிப் பாருங்கண்ணே."

இன்ஜின் பக்கம் செயினைச் சுற்றும் சின்னப் பல்சக்கரம், அதுதான் முன் ஸ்ப்ராக்கெட், ஆடியது. அது கழன்று வராமல் தடுக்கும் தகடு, அதாவது லாக் பிளேட்டைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்றைக் காணோம், இன்னொன்று விரலுக்கே சுற்றியது.

இந்த மாதிரி வண்டியில் சின்ன ஸ்ப்ராக்கெட்டுக்கு நடுவில் பெரிய நட் கிடையாது. இன்ஜினிலிருந்து வரும் ஷாஃப்டில் உள்ள காடியில் லாக் பிளேட் உட்காரும், அந்த இரண்டு போல்ட்டும் அதை ஸ்ப்ராக்கெட்டோடு சேர்த்துப் பிடிக்கும். அதனால் சரியாக இறுக்கிய பிறகும் உள்ளே வெளியே என்று இம்மி அசைவு இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நட் போட்ட வண்டி என்றால் துளி ஆட்டமும் ஆகாது. சுற்றுவாக்கில் ஆடினாலோ, ஷாஃப்ட் பல்லோரம் சிவப்பாகத் துருமாவு தெரிந்தாலோதான் கவலைப்படணும். ஷாஃப்ட் பல்லே தேய்ந்திருந்தால் புது ஸ்ப்ராக்கெட் போட்டும் நிற்காது, இன்ஜினைப் பிரிக்க வேண்டிவரும். என் வண்டியில் அவ்வளவு தூரம் போகவில்லை.

இறுக்கிய விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மரையை பெட்ரோல் விட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டார். புது போல்ட்டில், மரை தளராமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு சொட்டு. முதல் கியரில் போட்டு, என்னைப் பின் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, இறுக்கும் அளவை முன்கூட்டியே வைக்கக்கூடிய டார்க் ரெஞ்சை 10 நியூட்டன் மீட்டரில் வைத்து முறுக்கினார். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு அது போதும். பைப்பைச் செருகி பலம் கொடுத்தால் தலை அறுந்து, மிச்சம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். எத்தனை பட்டறையில் அதைத்தான் செய்கிறார்கள்!

அப்புறம் செயின். விறைப்பாக இருந்ததைத் தளர்த்தி 25 மில்லிமீட்டர் தொய்வு வைத்தார். செயின் விறைப்பாக இருந்தால் ஷாஃப்ட் பேரிங்கைத்தான் இழுக்கும் என்றார். சுமை ஏற்றுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்கணும்.

கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு வரச் சொல்லியிருந்தார். போனேன். கவரைத் திறந்து, போல்ட்டை ரெஞ்ச் வைத்துப் பார்த்துவிட்டு மூடினார், அதற்குக் காசு வாங்கவில்லை. முதல் தடவை கூலி 150 ரூபாய்.

குறை என்றால், ஸ்பேர் எதுவும் இருப்பு வைப்பதில்லை. லாக் பிளேட்டும் போல்ட்டும் நான்தான் கம்பம் போய் வாங்கிவந்தேன். காலையில் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களின் வண்டிகள் வரிசையாக நிற்கும், பதினோரு மணிக்கு மேல் போனால் உங்கள் வண்டியை நிதானமாகப் பார்ப்பார்.