ரெனசான்ஸ் வக்ஸ்: துவக்கு இல்லாத துவக்குப் பெட்டிக்கு

லண்டன் சித்தப்பா அனுப்பிய கப்பல் பெட்டியில் சொக்லேட், ஷாம்பூ, பழைய ஜம்பர்களுக்கு நடுவில் ஒரு சின்ன ரின் வந்தது. ரெனசான்ஸ் வக்ஸ், 65 மில்லிலீற்றர். அம்மா ஏதோ கால்வலிக்குப் பூசுவது என்று நினைத்து மருந்துத் தட்டில் வைத்துவிட்டார். உண்மையில் இது பழைய உலோகம், மரம், தோல் சாமான்களுக்குப் பூசும் மெழுகு. 1950களில் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுகூடத்தில் உருவானது. பழைய படைத்துவக்கு, வாள் சேர்க்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் சொல்லும் பெயர் இதுதான். ஒரு மாரிகாலம் முழுக்கப் பாவித்துப் பார்த்துவிட்டேன், யாழ்ப்பாணத்து உப்புக்காற்றுக்கு இது தாக்குப்பிடிக்குமா என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

சித்தப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவரிடம் ஒரு மார்ட்டினி-ஹென்றி இருக்கிறது. 1871 இல் பிரிட்டிஷ் படைக்குள் வந்த ஒற்றைத் தோட்டாத் துவக்கு. கைப்பிடிக்குக் கீழே உள்ள நெம்பை இறக்கினால் உள்ளே இருக்கும் கட்டை தாழ்ந்து வழி திறக்கும், தோட்டாவைப் போட்டு நெம்பை ஏற்றினால் சுடலாம். வலப்பக்க இரும்பில் கிரீட முத்திரை, கீழே விக்டோரியா ராணியைக் குறிக்கும் வி.ஆர்., அதற்கும் கீழே செய்த இடமான என்ஃபீல்ட், ஆண்டு. காத்மண்டு அரண்மனைக் களஞ்சியத்தில் நெடுங்காலம் கிடந்து, 2003 வாக்கில் அமெரிக்க வியாபாரிகள் ஐம்பதாயிரத்துக்கும் மேல் மொத்தமாக வாங்கி விற்றார்களே, அந்தக் கும்பலில் ஒன்று. வந்தபோது பழைய கிறீஸ் மஞ்சளாக இறுகிப்போய் நெம்பே அசையவில்லையாம். அதன் .577/450 தோட்டாவை வழக்கொழிந்த அளவு என்று பிரிட்டிஷ் சட்டம் பட்டியலில் போட்டிருப்பதால், அலங்காரத்துக்கும் அபூர்வத்துக்கும் என்று சும்மா வைத்திருக்க அங்கே லைசென்ஸ் தேவையில்லை. சுடப்போகிறேன் என்றால் கதை வேறு. எங்கள் ஊர்ப் பொலிஸ்காரர் தோளில் முன்பு தொங்கிய .303 லீ-என்ஃபீல்ட் அந்தப் பட்டியலில் இல்லை. அதை வைத்திருக்கப் பொலிஸ் சான்றிதழ் வேண்டும், அல்லது சுடமுடியாதபடி செயலிழக்கச் செய்ததற்கு அத்தாட்சி வேண்டும். சித்தப்பாவிடம் லீ-என்ஃபீல்டும் ஒன்று இருக்கிறது, அது இந்த இரண்டாவது வகை.

இந்தப் பைத்தியம் அவருக்கு எங்கிருந்து தொற்றியது என்றால், எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே கிடக்கும் பெட்டியிலிருந்துதான். பூட்டன் மலாயா ரயில்வேயில் வேலை செய்து பென்சனோடு வந்தவர். வரும்போது பேர்மிங்ஹாம் கிறீனர் கம்பனியின் ஒற்றைக்குழல் துவக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். அது வேட்டைத் துவக்குத்தான், ஆனால் உள்ளே இருக்கும் பொறி அதே மார்ட்டினி பொறி. சின்ன வயதில் அப்பப்பா நெம்பை இறக்கிக் காட்டியதைச் சித்தப்பா இன்னும் கையால் செய்து காட்டுவார். எண்பதுகளில் லைசென்ஸ் துவக்கு வைத்திருந்த வீடுகளுக்கு ஆட்கள் வந்து வாங்கிக்கொண்டு போன கதை இங்கே எல்லோருக்கும் தெரியும், யார் என்று என்னைக் கேட்காதீர்கள். துவக்குப் போனது, பெட்டி தப்பியது. பித்தளை மூலை போட்ட தேக்குப் பெட்டி, உள்ளே பூச்சி அரித்த பச்சைக் கம்பளித்துணி, மூன்று துண்டாகக் கழற்றும் குழல் துடைக்கும் தடி, வெறும் எண்ணெய்க் குப்பி, தோல் தோட்டாப் பட்டி, பிறகு லைசென்ஸ் புத்தகம். எங்கள் பரம்பரைச் சொத்து இவ்வளவுதான்.

சரி, வக்ஸுக்கு வருவோம். வெள்ளையாக, கொஞ்சம் கெட்டியாக இருக்கும், மூடியைத் திறந்ததும் பெயின்ட் கரைக்கும் திரவத்தின் மணம் வரும். பழைய வேட்டித் துண்டில் பயறளவு எடுத்து, ஒரு உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் மெல்லிசாகத் தேய்த்து, உடனே வேறு துணியால் மினுக்க வேண்டும். பெரிய இடத்துக்கு ஒரேயடியாகப் பூசினால் மினுக்கத் தொடங்கும் முன்னே காய்ந்துவிடும். தடியை வெயிலில் கொஞ்ச நேரம் வைத்துச் சூடேற்றிவிட்டுப் பூசினேன், இன்னும் நன்றாகப் பரவியது. மினுக்கிய பிறகு விரலால் தொட்டால் ரேகை விழாது. பழைய இரும்புக்கு இது பெரிய விஷயம், கைவியர்வையே அரைவாசிக் கறளுக்குக் காரணம்.

நாங்கள் இவ்வளவு காலமும் பூசியது தேங்காய் எண்ணெய். அது சில வாரத்தில் சிக்குப் பிடித்து, தூசியையும் எறும்பையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை, ஆனால் இரும்பிலிருந்து வழிந்து மரத்துக்குள் ஊறும்; பழைய துவக்குகளில் பிடிமரம் இரும்போடு சேரும் இடத்தில் கறுத்து இளகிப்போயிருப்பதற்கு இந்த ஊறல்தான் காரணம் என்று சித்தப்பா சொல்லுவார். தேன்மெழுகில் கொஞ்சம் அமிலம் இருக்கிறது. ரெனசான்ஸ் பெற்றோலியத்திலிருந்து எடுக்கும் நுண்படிக மெழுகு என்பதால் அந்தப் பிரச்சினை இல்லை, காலம்போனாலும் மஞ்சளாகாது. பிராசோவும் புளியும் வேறு வேலை, அவை மேல்தோலையே எடுத்துவிடும். வீட்டு வாசல் பித்தளைப் பூட்டுக்குச் சரி, கிரீடமும் எழுத்தும் குத்திய பழைய படைச்சாமானுக்குச் சரியில்லை. அந்த மண்ணிறப் படிவையும் எழுத்தையும் தேய்த்தெடுத்தால் சேர்ப்பவன் பாதி விலைக்கும் கேட்கமாட்டான்.

முடிவு எப்படி? தடியில் சோளகக் காற்றுக்கும் மாரிக்கும் தவறாமல் வரும் செம்புள்ளி இந்தமுறை வரவில்லை. பித்தளை மூலைகளில் களிம்பு இல்லை, ஒரே ஒரு மூலையில் ஆணித்தலைக்கு அடியில் மட்டும் பச்சை எட்டிப்பார்க்கிறது, அங்கே துணி போயிருக்காது. தேக்கு ஆழமான நிறத்துக்கு வந்துவிட்டது, பளபளப்பு இல்லாமல். தோல் பட்டிக்குத்தான் திருப்தியில்லை. வெடித்த தோலை இது மென்மையாக்காது, மேலே ஒரு படை போடும், அவ்வளவுதான். அதேபோல, இருக்கிற கறளை இது எடுக்காது. முதலில் மிக மெல்லிய ஸ்டீல் வூலில் துளி எண்ணெய் விட்டு மெதுவாக எடுத்து, எண்ணெயை முழுதாகத் துடைத்த பிறகுதான் வக்ஸ். கறளுக்கு மேலே பூசினால் கறளைப் பத்திரமாக மூடி வைக்கிறீர்கள். குத்துவிளக்குக்குப் பூச வேண்டாம், சூட்டில் இளகும். ரின்னையும் அடுப்படியில் வைக்காதீர்கள், தீப்பற்றும் சாமான்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். இங்கே வளவு கொத்தும்போதும் கிணறு இறைக்கும்போதும் யுத்தகாலத்துத் தோட்டாக் கோதோ, செல்லோ, இரும்புத் துண்டோ வரும். பித்தளை போல மினுங்குதே, துடைத்து ஷோகேஸில் வைப்போம் என்று எடுக்கும் ஆட்களை எனக்குத் தெரியும். நிலத்துக்குள்ளிருந்து வந்த எதையும் தொடாதீர்கள், மினுக்காதீர்கள். பொலிஸ் அவசர எண் 119 க்கு அடியுங்கள், வந்து எடுப்பார்கள். கறள் பிடித்த துவக்குத் துண்டு ஒன்று கிடைத்தாலும் அதேதான், பழசு என்று சொல்லித் தப்பமுடியாது.

சித்தப்பாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது, மார்ட்டினி யாருக்கு என்ற கேள்வி வந்திருக்கிறது. எனக்குத் தரத்தான் ஆசை, ஆனால் வழியில்லை. இங்கே சுடுகலன் கட்டளைச் சட்டம் 1916 ஆம் ஆண்டுச் சட்டம், லைசென்ஸ் ஆளின் பெயரில், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும், தகப்பன் இறந்தால் மகனுக்குத் தானாக வராது. வெளியிலிருந்து கொண்டுவர பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். யாழ்ப்பாணத்து முகவரியோடு ஒரு படைத்துவக்குக்கு விண்ணப்பித்துப் பாருங்கள், பிறகு என்னிடம் சொல்லுங்கள். கண்டியிலிருந்து ஒல்லாந்தர் 1765 இல் கொண்டுபோன பீரங்கியும் இரண்டு பெரிய துவக்கும் 2023 இல் தான் திரும்பி வந்தன, அதுவும் இரண்டு அரசாங்கம் பேசி. நாங்கள் யார்.

ஆகவே மார்ட்டினி அங்கேயே அவருடைய இளைய மகளுக்கு. அவளுக்குத் துவக்கில் ஆர்வமில்லை, ஆனால் மரவேலை பிடிக்கும், வக்ஸ் பூசுவது இப்போதே அவள்தான். சித்தப்பா ஒவ்வொரு சாமானுக்கும் வாங்கிய ரசீது, எண், எழுத்துக் குத்திய இடங்களின் படம், செயலிழக்கச் செய்த அத்தாட்சி எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வைத்திருக்கிறார். தகப்பன் செத்தபிறகு மரணவீட்டுக்கு நடுவில் பொலிஸுக்கு விளக்கம் சொல்ல வேண்டிய நிலை பிள்ளைக்கு வரக்கூடாது என்பது அவர் கணக்கு. இதைப் பார்த்து நானும் எங்கள் லைசென்ஸ் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்தேன். பூட்டனின் பெயரை வெட்டி அப்பப்பாவின் பெயர் எழுதிய பக்கத்தில் மை மங்கத் தொடங்கிவிட்டது.

விலை லண்டனிலேயே மலிவில்லை. யாழ்ப்பாணக் கடைகளில் நான் கேட்டவரை இல்லை, பெயின்ட் கடையில் கார் வக்ஸைத்தான் எடுத்து நீட்டினார்கள். அதில் அநேகமாகத் தேய்க்கும் தூள் கலந்திருக்கும், வாங்காதீர்கள். ஆனால் 65 மில்லிலீற்றர் கனகாலம் வரும், எங்கள் ரின்னில் மேற்பரப்பு மட்டும்தான் குழிந்திருக்கிறது. இரும்பும் பித்தளையும் தேக்கும் வைத்திருப்பவர்களுக்கு ஐந்துக்கு நாலரை, தோலுக்கு இரண்டு. வெளிநாட்டிலிருந்து யாராவது பெட்டி அனுப்பினால் 200 மில்லிலீற்றரைக் கேளுங்கள், நாலு வீடு பிரித்து எடுக்கலாம்.