பெரில் புயலின்போது ஒரு கடற்கரை விடுதியில் ஏழு இரவுகள்

தங்கிய நாட்கள்: 2024 ஜூன் 30 முதல் ஜூலை 7 வரை. இடம்: மெக்சிகோவின் கரீபியக் கடற்கரை, பிளாயா டெல் கார்மென் ஊருக்குச் சற்றுத் தெற்கே. வந்தவர்கள்: நான், என் கணவர், எங்கள் இரண்டு பிள்ளைகள், வேதாரண்யத்திலிருந்து எங்களைப் பார்க்க ஹூஸ்டனுக்கு வந்திருந்த என் அம்மா. மதிப்பெண்: ஐந்துக்கு நான்கு.

அறை சுத்தமாக இருந்தது, நீச்சல்குளம் பெரியது, காலை உணவில் பழங்கள் நன்றாக இருந்தன. இவற்றைப் பற்றி எழுத வேறு பலர் இருக்கிறார்கள். புயல் வந்தால் இந்த விடுதி என்ன செய்கிறது என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூலை 3, புதன்கிழமை காலை. வானம் பளிச்சென்று இருந்தது. மாடத்தில் காபியோடு நின்றிருந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். கீழே தோட்டத்தில் ஏழெட்டுப் பேர் ஏணியும் நீள அரிவாளுமாக ஒவ்வொரு தென்னையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். இளசு, முற்றல் என்று பார்க்காமல் எல்லாக் குலைகளையும் வெட்டிக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். காய்ந்த மட்டைகளையும் கழித்தார்கள். அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இவர்களுக்கு விவரம் தெரிந்திருக்கிறது. மாப்பிள்ளையைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்" என்றார்.

அம்மா அப்படிச் சொன்னது எனக்குப் பெரிய விஷயம். 2018 நவம்பரில் கஜா கரையைக் கடந்த இரவில் அவர் வேதாரண்யத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். கொல்லையில் இருந்த தென்னைகளில் பாதிக்கு மேல் அன்றோடு போயின. காய்ப்பாரத்தோடு நின்ற மரங்கள்தான் முதலில் சாய்ந்தன என்பது அவர் கண்டது. காற்றில் வந்த தேங்காய் ஒன்று பக்கத்து வீட்டு ஓட்டைப் பிளந்துகொண்டு உள்ளே விழுந்ததையும் பார்த்திருக்கிறார். ஒரு விடுதி புயலுக்குத் தயாராகிறதா, தயாராவதுபோல் காட்டிக்கொள்கிறதா என்பதை அவரைவிட நன்றாக யாராலும் சொல்லிவிட முடியாது.

இந்தப் பயணத்தை ஏன் தள்ளிப்போடவில்லை என்று கேட்பவர்களுக்கு: ஜூன் 28 இரவு இந்தப் புயலுக்குப் பெரில் என்று பெயர் வைத்தார்கள். மறுநாள் விடுதியின் முன்பதிவு மையத்தைத் தொலைபேசியில் அழைத்து, வரலாமா என்று கேட்டேன். "இங்கே வானிலை அற்புதமாக இருக்கிறது, தாராளமாக வாருங்கள்" என்றார்கள். அன்றைய வானிலையை நான் கேட்கவில்லை. தேதியை மாற்ற வழி உண்டா, புயல் வந்தால் எங்கே தங்கவைப்பீர்கள் என்று கேட்டேன். இரண்டுக்கும் பதில் வரவில்லை. ஒரு மதிப்பெண்ணை இதற்காகத்தான் குறைத்திருக்கிறேன். விடுதிக்குள் வேலை செய்தவர்கள் அத்தனை பேரும் உண்மையைப் பேசினார்கள். அறையை விற்பவர்கள் பேசவில்லை. அன்றைக்கே அவசரமாகப் பயணக் காப்பீடும் எடுத்தேன். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்த காப்பீடு அந்தப் புயலால் வரும் செலவுக்கு உதவாது என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. இதே கடற்கரையில் கான்குன், புவெர்ட்டோ மோரெலோஸ் பக்கத்துப் பவளப்பாறைகளுக்கே 2019இல் காப்பீடு எடுத்தார்கள். அலையை முதலில் தாங்குவது அவைதான். 2020இல் டெல்டா புயல் அடித்தபோது அந்தத் தொகை வந்து, உடைந்த பவளங்களை ஆட்கள் மூழ்கி ஒட்டவைத்தார்கள். பயணம் போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும் நாளிலேயே காப்பீட்டையும் எடுத்துவிடுங்கள்.

ஜூலை 2, செவ்வாய். பெரில், வலிமையின் ஐந்து படிகளில் உச்சமான ஐந்தாம் வகைப் புயலாகியிருந்தது. பதிவுகளில் உள்ள வரை, அட்லாண்டிக்கில் ஓர் ஆண்டின் இவ்வளவு தொடக்கத்தில் எந்தப் புயலும் அந்த வலிமையை எட்டியதில்லை. அன்று காலை கதவுக்கு அடியில் ஒரு தாள் கிடந்தது. ஒரு பக்கம் ஸ்பானிஷ், மறு பக்கம் ஆங்கிலம். புயல் எங்கே இருக்கிறது, எப்போது வரக்கூடும், எந்த நேரத்துக்கு உணவகம் மூடும், எந்த நேரத்துக்கு மின்தூக்கியை நிறுத்துவோம், உங்கள் குடும்பம் எந்தக் கூடத்தில் எந்த வரிசையில் படுக்கும் என்று எல்லாவற்றுக்கும் மணி போட்டு எழுதியிருந்தார்கள். அடுத்த மூன்று நாட்களும் அந்த மணிகள் ஒருமுறைகூடத் தவறவில்லை. உணவகம் இரண்டு மணிக்கு மூடும் என்றால் இரண்டுக்கு மூடியது. அந்த ஒழுங்கைப் பார்க்கப் பார்க்க என் மனம் அடங்கியது.

வரவேற்பு மேசைக்கு அருகில் ஒரு பலகை வைத்து, அரசு அறிவிக்கும் எச்சரிக்கை நிறத்தை அதில் மாற்றிக்கொண்டே வந்தார்கள். நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஐந்து படிகள். நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டுதான் இது என்று அம்மா பிள்ளைகளுக்கு விளக்கினார். அவர்கள் மணிக்கொரு தரம் ஓடிப்போய் நிறம் பார்த்துவந்து சொன்னார்கள். வியாழன் மாலை சிவப்பு.

ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று நாங்களும் முயன்றோம். விமான நிறுவனத்தின் தொலைபேசியில் மூன்று மணி நேரம் காத்திருந்து வியாழக்கிழமைக்கு மாற்றிய டிக்கெட் அன்று காலையிலேயே ரத்தானது. சிலருக்கு விமானம் கிடைத்தது. அவர்களை நண்பகல் வரை விடுதியின் வேனில் இலவசமாகக் கொண்டுபோய் விட்டார்கள். நாங்கள் தங்கிவிட்டோம்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். திறந்த இன்சுலின் பேனா அறை வெப்பத்தில் பொதுவாக நான்கு வாரம் தாங்கும். திறக்காதவற்றுக்குக் குளிர் வேண்டும். மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்று மேலாளரிடம் கேட்டேன். அரை மணி நேரத்தில் சமையலறை ஆள் ஒருவர் வந்து, பேனாக்களை ஒரு பெட்டியில் போட்டு, அறை எண்ணும் அம்மாவின் பெயரும் எழுதி, ஜெனரேட்டரில் ஓடும் குளிர் அறையில் வைத்தார். எங்கே வைத்திருக்கிறது என்று என்னை அழைத்துப்போயும் காட்டினார். அடுத்த முறை தாளிலேயே "குளிரில் வைக்க வேண்டிய மருந்து இருந்தால் சொல்லுங்கள்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கேட்கத் தெரியாதவர்களும் அங்கே தங்கியிருந்திருப்பார்கள்.

வியாழன் பகல் முழுவதும் வேலை நடந்தது. சாய்வு நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி நீச்சல்குளத்துக்குள் இறக்கினார்கள். தண்ணீருக்கு அடியில் கிடக்கும் நாற்காலியைக் காற்று தூக்கி எறியாது. கண்ணாடிக் கதவுகளுக்கு பிளைவுட் அடித்தார்கள். எங்கள் குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பிவைக்கச் சொன்னார்கள். அம்மா அதற்கு முன்பே நிரப்பிவிட்டிருந்தார். வாளி, குப்பைக் கூடை என்று அறையில் இருந்த எல்லாப் பாத்திரங்களிலும் நிரப்பியிருந்தார்.

மாலை ஆறு மணிக்குக் கூடத்துக்குப் போனோம். கட்டடத்தின் நடுவில் இருக்கும் பெரிய கூட்ட அரங்கு அது. சன்னல் ஒன்றுகூடக் கிடையாது, கான்கிரீட் கூரை, தரை கடல் மட்டத்திலிருந்து நன்றாக உயர்ந்திருந்தது. கடலோர விடுதியில் அறை பதிவு செய்பவர்கள் இந்த ஒன்றை முதலில் கேளுங்கள்: புயலன்று எங்களை எந்த அறையில் வைப்பீர்கள், அதில் கண்ணாடி இருக்கிறதா? நேராகப் பதில் சொல்லும் இடத்துக்குப் போங்கள்.

அந்தச் சமயத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். புயல் ஜமைக்காவைத் தாண்டி வரும்போது வலுவிழந்துவிட்டது, பிறகு எதற்காக எங்களைத் தரையில் படுக்கவைக்கிறீர்கள் என்று ஒருவர் குரலை உயர்த்தினார். மேலாளர் அமைதியாக, வகை எண்ணைப் பார்த்து நாங்கள் கூடத்தைத் திறப்பதும் மூடுவதும் இல்லை என்றார். 2005 அக்டோபரில் வில்மா புயல் இந்தக் கரையில் வந்து நகராமல் நின்றபோது அவர் இளம் ஊழியராக இருந்தாராம். காற்றழுத்தம் குறையக் குறையப் புயல் வலுக்கும்; அட்லாண்டிக்கில் பதிவான மிகக் குறைந்த காற்றழுத்தம், 882 மில்லிபார், அந்தப் புயலினுடையது. விருந்தினர்களோடு நாட்கணக்கில் அடைந்து கிடந்த பிறகு எழுதிய விதிகளைத்தான் இன்றும் பின்பற்றுகிறோம் என்றார். என் கணவருக்கு 2023 அக்டோபரில் அகாபுல்கோவில் ஓட்டிஸ் புயல் ஒரே நாளுக்குள் ஐந்தாம் வகையாக வீங்கி நகரத்தையே உடைத்தது நினைவில் இருந்தது. அவர் எழுந்துபோய் மேலாளருக்குக் கை கொடுத்தார்.

இரவு மூன்று மணிவாக்கில் மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் அவசர விளக்குகளை மட்டும் எரியவைத்தது. காற்றின் ஓலத்தைவிட, பெரிய கதவின் இரும்புத் தாழ்ப்பாள் விடாமல் துடித்த சத்தம்தான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. என் சின்னவள் அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். அம்மா தூங்கவில்லை. எதிர்க்காற்று எப்போது வரும் என்று கேட்டுவரச் சொன்னார். கஜாவில் புயலின் மையமான கண் கடந்தபோது காற்று சட்டென்று நின்று, மனிதர்கள் வெளியே வந்து, பிறகு எதிர்த்திசையிலிருந்து அடித்த காற்றில் மாட்டிக்கொண்டதை அவர் மறக்கவில்லை. அதைக் கேட்டு மேலாளர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களிடம் உட்கார்ந்தார். கண் நமக்குத் தெற்கே துலும் பக்கம் கடக்கும், நாம் அதற்கு வடக்கே இருப்பதால் நடுவில் அமைதி வராது, காற்று வடகிழக்கிலிருந்து கிழக்காகவும் பிறகு தென்கிழக்காகவும் மெல்லத் திரும்பும் என்று தாளில் அம்புக்குறி போட்டுக் காட்டினார். நான் மொழிபெயர்க்கும் முன்பே படத்தைப் பார்த்து அம்மா தலையை ஆட்டினார். காலை ஆறு மணி அளவில் துலும் அருகே பெரில் கரையைக் கடந்தது. இரண்டாம் வகை, மணிக்கு 175 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். எங்களைத் தொட்டது அதன் ஓரம்தான். அதற்கே தாழ்ப்பாள் அப்படித் துடித்தது.

குறைகள் வேறு இரண்டு உண்டு. கூடத்தில் கொடுத்த உணவுப் பொட்டலங்கள் எல்லாவற்றிலும் பன்றி இறைச்சி ரொட்டி. சைவம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தும் அம்மா ஒரு வாழைப்பழத்தோடும் நான் கொண்டுபோயிருந்த முறுக்கோடும் இரவைக் கழித்தார். மின்சாரம் நின்றதும் ஒலிபெருக்கியும் நின்றது. கடைசி வரிசையில் இருந்த எங்களுக்கு அறிவிப்புகள் பாதிதான் கேட்டன. மின்கலத்தில் ஓடும் ஒரு கை ஒலிபெருக்கி இருந்தால் போதும்.

இனி நான் மிக உயர்வாக மதிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அறையைத் துப்புரவு செய்த பெண், கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் மாயா பழங்குடியினர் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். விருந்தினரைக் கவனிக்க இந்த ஊழியர்கள் புயல் இரவில் இங்கேயே இருந்துவிட்டால் அவர்கள் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வியாழன் மதியம் இரண்டு பேருந்துகள் வந்தன. ஊழியர்களின் குடும்பங்களை விடுதியே அழைத்துவந்து, எங்கள் கூடத்துக்கு அடுத்த கூடத்தில் அதே மெத்தை, அதே பொட்டலம் கொடுத்துத் தங்கவைத்தது. காலையில் அந்தப் பெண் தன் இரண்டு பையன்களையும் கூட்டிவந்து அம்மாவிடம் காட்டினார். அம்மா மிச்சமிருந்த முறுக்கை அவர்கள் கையில் கொடுத்தார். அம்மாவுக்கும் அந்தப் பெண்ணுக்கும் பொதுவாக ஒரு மொழிகூட இல்லை. கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நல்ல ஊதியம், நல்ல விருது என்று எதைச் சொன்னாலும், அந்த இரண்டு பேருந்துகளுக்காகவே நான் இந்த விடுதிக்கு மறுபடி போவேன்.

பகல் பன்னிரண்டுக்குத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்த பிறகுதான் எங்களை வெளியே விட்டார்கள். மூன்று மரங்கள் சாய்ந்திருந்தன; மணல் முழுக்கக் கடற்பாசி; குலை வெட்டிய தென்னைகள் எல்லாம் நின்றிருந்தன. சனிக்கிழமை விமானம் கிடைக்காததால் கூடுதலாகத் தங்கிய ஓர் இரவுக்குப் பணம் வாங்கவில்லை. அம்மாவின் இன்சுலினைக் குளிர் காக்கும் ஒரு துணிப்பையில் பனிக்கட்டியோடு வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஞாயிறு மதியம் ஹூஸ்டன் வீட்டுக்குள் நுழைந்தோம். திங்கள் விடியற்காலையில் அதே பெரில் மாடகோர்டா அருகே டெக்சாஸ் கரையைக் கடந்து எங்கள் நகரத்துக்கு வந்தது. 22 லட்சத்துக்கும் அதிகமான மின் இணைப்புகள் அணைந்தன. எங்கள் தெருவில் ஆறு நாள் மின்சாரம் இல்லை. விடுதி கொடுத்த தாளைப் பார்த்து அம்மா குளியல் தொட்டியை நிரப்பச் சொன்னார். அந்தத் துணிப்பையை எடுத்துக்கொண்டு, மின்சாரம் இருந்த ஒரு நண்பர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக்கு நாற்பது நிமிடம் வண்டி ஓட்டிப் போனேன். இன்சுலின் பெட்டியின் மேல் அம்மாவின் பெயர் அந்தச் சமையலறைக்காரரின் கையெழுத்திலேயே இருந்தது.