காம்ஃப்ரியா, தண்டுக்கீரையா? இராமநாதபுரக் கடற்கரையில் ஆட்டுக்குப் பச்சைத் தீவனம்

பங்குனி பிறந்துவிட்டால் உச்சிப்புளி தொடங்கித் தேவிபட்டினம் வரை ஆடு வளர்ப்பவர்களுக்கு ஒரே கவலைதான்: பச்சைக்கு எங்கே போவது? தரவையில் புல் காய்ந்துவிடும். எட்டிய கிளைகளில் வேப்பங்குழையும் தீர்ந்திருக்கும். மிஞ்சுவது சீமைக் கருவேலங்காய் மட்டுமே. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே பெய்து முடிந்துவிடும் இந்த மாவட்டத்தில், வீட்டுக் கொல்லையிலேயே தீவனம் வளர்க்கும் எண்ணம் எழுவது இயல்பு. அப்படி எண்ணுபவர்கள் என்னிடம் கேட்டவற்றுள் இரண்டு செடிகளை, இரண்டையும் வளர்த்துப் பார்த்தவன் என்ற முறையில், இங்கே ஒப்பிடுகிறேன். ஒன்று, வெளிநாட்டுப் புகழோடு வரும் காம்ஃப்ரி. மற்றது, நம் குழம்புச் சட்டியிலிருந்து தொழுவத்துக்குப் போகும் தண்டுக்கீரை.

காம்ஃப்ரியின் புகழுக்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த ஹென்றி டபுள்டே என்பவர் 1870களில் ருஷ்யாவிலிருந்து அச்செடியை வரவழைத்தது தீவனத்துக்காக அன்று. அஞ்சல் தலைக்குப் பசை கிடைக்குமா என்று பார்ப்பதற்காக. பசை கிடைக்கவில்லை, செடி தங்கிவிட்டது. 1950களில் லாரன்ஸ் ஹில்ஸ் எஸ்ஸெக்ஸ் பகுதியிலுள்ள பாக்கிங் என்ற ஊரில் அதன் வகைகளைப் பிரித்து வளர்த்தார். அவற்றுள் விதை பிடிக்காத ‘பாக்கிங் 14’ இன்றுவரை பேசப்படுகிறது. ஆழமாக இறங்கும் வேர், ஆண்டில் பல முறை வெட்டலாம் என்ற வசதி, உலர்பொருளில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும் புரதம் எனச் சொல்லப்படும் சிறப்புகள் பொய்யல்ல. ஆனால் அவையெல்லாம் குளிர்ந்த, ஈரம் வற்றாத மண்ணில் கண்ட சிறப்புகள் என்பதை, வேர்த்துண்டுக்குப் பணம் அனுப்புவதற்கு முன்னால் நான் யோசிக்கவில்லை.

பார்சலில் வந்த பன்னிரண்டு துண்டுகளில் ஐந்து அழுகியிருந்தன. மற்ற ஏழையும் கார்த்திகை ஈரத்தில் தென்னை நிழலில் நட்டேன். வாடைக் காற்று அடித்த நாள்களில் அவை வியக்கும்படி வளர்ந்து, தை மாதத்தில் முழங்கை நீளத்துக்கு இலை விட்டன. முதல் இலையை அறுத்தபோது கையெல்லாம் சுணைத்தது. வெள்ளாட்டின் முன்னால் போட்டேன். அது மோந்து, மேலுதட்டைச் சுருட்டி, தும்மிவிட்டுத் திரும்பிக்கொண்டது. “இலைக்கெல்லாம் ரோமம் முளைச்சிருக்கே தம்பி, இத ஆடு எப்படித் திங்கும்?” என்றார் ஆடு மேய்க்கும் ஓர் அம்மா. அரை நாள் வாடவிட்டுப் போட்டபோது ஆடு தின்றது, சுணை மடங்கிவிடுகிறது. பிறகு மாசி போய் வெயில் ஏறியது, கிணற்று நீரின் உப்பும் ஏறியது. இலை நுனிகள் கருகின. சித்திரைக்குள் ஐந்து செடிகள் தரைமட்டமாயின. குளியலறைத் தண்ணீர் போகும் ஓடையருகே இருந்த இரண்டு மட்டும் பிழைத்தன.

தண்டுக்கீரைக்கு இந்த வெயில் பகையல்ல. சோளம், கரும்பு ஆகியவற்றைப் போல அதுவும் சி4 ஒளிச்சேர்க்கை கொண்ட பயிர். கடும் வெயிலில் குறைந்த நீரைக் கொண்டு அதிகமாக வளரும் திறன் அதற்கு உண்டு. நம் உப்பளக் கரைகளில் தானாக வளரும் உமரியும் தண்டுக்கீரையும் இன்றைய வகைப்பாட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை அறிந்தால், ஓரளவு உவர்ப்பை அது தாங்குவதில் வியப்பிருக்காது. உமரி அளவுக்குத் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீரில் அதுவும் குன்றிவிடும். விதை கடுகைவிடச் சிறியது, கறுத்துப் பளபளப்பது. அப்படியே தூவினால் ஓரிடத்தில் குவியும், மற்றோரிடம் வெறிச்சோடும். ஒரு பிடி விதைக்குப் பத்துப் பிடி மணல் கலந்து தூவி, மேலே விளக்குமாற்றால் லேசாக இழுத்துவிட வேண்டும். எறும்பு இழுத்துப்போகாமல் பாத்தியைச் சுற்றிச் சாம்பல் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். இருபத்தைந்து நாளில் பிடுங்கலாம். தீவனத்துக்கென்றால் பிடுங்காமல் ஒரு சாண் விட்டு அறுத்தால் மறுபடி தழைக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 3 இவ்வாறு கிள்ளி எடுப்பதற்கென்றே வந்த வகை.

சத்து என்று பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டிலும் புரதம் நல்ல அளவில் இருக்கிறது, இரண்டிலும் தண்ணீரே மிகுதி. பத்துக் கிலோ காம்ஃப்ரி இலையில் ஏறத்தாழ ஒரு கிலோதான் உலர்பொருள். இளம் தண்டுக்கீரையில் அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். எனவே இவற்றை மட்டும் தின்று ஆட்டின் வயிறு நிறையாது, கழிச்சலும் வரும். கடலைக்கொடியோ சோளத்தட்டையோ கூட இருந்தாக வேண்டும்.

நஞ்சைப் பற்றிய கேள்விதான் என் முடிவைத் தீர்மானித்தது. காம்ஃப்ரியில் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் உள்ளன. நம் ஊர் வாய்க்கால் ஓரத்துத் தேள்கொடுக்குச் செடியும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதிலும் அதே வகை நஞ்சு இருக்கிறது. கல்லீரலில் சிறிது சிறிதாகச் சேதத்தைச் சேர்க்கும் இந்நஞ்சு, வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். வேரில் மிகுதி, முற்றிய இலையைவிட இளந்தளிரில் மிகுதி. ஆடுகளின் இரைப்பை நுண்ணுயிர்கள் இதில் ஒரு பகுதியைச் சிதைப்பதால் அவை மாட்டைவிடத் தாங்கும். குதிரை, பன்றி ஆகியவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மனிதர்கள் உட்கொள்ளும் காம்ஃப்ரி தயாரிப்புகளைச் சந்தையிலிருந்து விலக்கும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2001இல் கேட்டுக்கொண்டதும் இதனால்தான். நஞ்சு சிறிதளவு பாலிலும் இறங்கக்கூடும் என்பதால், கறவை ஆட்டுக்கு நான் இதைக் கொடுப்பதில்லை.

தண்டுக்கீரையும் குற்றமற்றதல்ல. ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைக்கும். அதைவிட உடனடி ஆபத்து நைட்ரேட். அதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஓராண்டு சித்திரையில் தண்ணீர் கட்டாமல் வாடிக் கிடந்த பாத்திக்கு யூரியா போட்டு, நீர் பாய்ச்சி, நான்காம் நாளே அறுத்து, பசியோடு நின்ற பெட்டை ஆட்டுக்கும் அதன் குட்டிக்கும் வயிறு முட்டப் போட்டேன். சில மணி நேரத்தில் இரண்டும் மூச்சிரைத்து நின்றன. ஈறு சிவப்பு மாறி மண்நிறமாகியிருந்தது. இரைப்பையில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, இரத்தம் உயிர்வளியைச் சுமக்க முடியாதபடி செய்துவிடுகிறது. கால்நடை மருத்துவர் மெத்திலீன் நீலத்தை நரம்பில் ஏற்றியதால் தாய் பிழைத்தது. குட்டியை அவர் வருவதற்குள்ளேயே இழந்துவிட்டேன். காயவைத்தாலும் நைட்ரேட் போகாது என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

இருந்தாலும் இவ்விரண்டு ஆபத்துகளும் ஒரே தராசில் நிற்பவை அல்ல. காம்ஃப்ரியின் நஞ்சு செடியோடு பிறந்தது, நான் எப்படி வளர்த்தாலும் அதில் இருக்கும். தண்டுக்கீரையின் நைட்ரேட் பெரும்பாலும் என் கையிலிருந்து வருவது: யூரியாவை விட்டு மக்கிய ஆட்டெரு போட்டு, வாட்டம் தெளிந்து சில நாள் கழித்து அறுத்து, அடித்தண்டை ஒதுக்கி, காய்ந்த தீவனம் தின்ற பிறகு கொடுத்து, பச்சையில் கால் பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் அடக்கிவிடலாம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அப்படித்தான் கொடுத்துவருகிறேன்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காம்ஃப்ரியை ஒருமுறை நட்டால் அகற்றவே முடியாது என்று எச்சரிப்பார்கள்; உச்சிப்புளி மணலில் அதைக் கோடை அகற்றிவிடும். தண்டுக்கீரைக்கு ஒரு செடியை முற்றவிட்டால் அடுத்த ஆண்டு விதை வீட்டிலேயே கிடைக்கும்.

ஆகவே இந்தக் கரையில் நான் தண்டுக்கீரை பக்கம்தான் நிற்கிறேன், அதுவும் பருவத்தோடு. கொட்டும் மழையில் நாற்று அழுகும், மணலோடு அடித்துப்போகும். மார்கழி கடைசியில் விதைத்துப் பங்குனி வரை மூன்று நான்கு அறுவடை எடுப்பதே இங்கே ஒத்துவருகிறது. அதற்குப் பிறகு கிணறு கரித்துவிட்டால் அகத்தியைத்தான் நம்பியிருக்கிறேன். ஓடையருகே பிழைத்த இரண்டு காம்ஃப்ரியையும் பிடுங்கவில்லை. சாம்பல் சத்து நிறைந்த அவற்றின் இலைகளை வாளியில் மூன்று வாரம் ஊறப்போட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு கலக்கி, தண்ணீரில் கரைத்து முண்டு மிளகாய்ச் செடிகளுக்கு ஊற்றுகிறேன். ஆடு எட்டாதபடி பனை மட்டையில் வேலியும் கட்டியாயிற்று.