சலாலாவுக்கு எந்த ரோடு: பாலைவனத்து நடுவிலா, கடலோரமாவா?

அக்கா பையன் ஓமன் தலைநகர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காகச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. போன வாரம் நான் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நிற்கும்போது போன் பண்ணினான். "மாமா, லீவுக்கு நாலு பேரா சலாலா போறோம். முப்பத்தொண்ணாம் நம்பர் ரோட்டுல போவட்டா, கடலோரமா போவட்டா? நீ ரெண்டுலயும் ஓட்டியிருக்கியே." லாரி நகர்வதற்குள் பாதி சொல்லிவிட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன், நம்ம திருவொற்றியூர், காசிமேடு பக்கத்துப் பசங்க அங்கே நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஆகும்.

ஓமனில் ஒன்பது வருஷம் மீன் ஏற்றும் பிக்கப் ஓட்டினேன். காசிமேட்டில் ஏலம் பார்த்து வளர்ந்தவனுக்கு அங்கே போயும் ஐஸ் பெட்டிதான். லைசென்ஸ் வாங்குவதற்கே ட்ரம்முக்கு நடுவில் ரிவர்ஸ் எடுக்கும் டெஸ்ட், மேட்டில் நிறுத்தி நகர்த்தும் டெஸ்ட், அப்புறம் ரோடு டெஸ்ட் என்று உயிரை எடுத்துவிட்டார்கள். ஸ்டியரிங் இடது பக்கம், ஓட்டுவது ரோட்டின் வலது பக்கம். முதல் மாதம் முழுக்க கியர் போடப் போன என் இடது கை கதவைத்தான் தடவியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மஸ்கட்டிலிருந்து நாட்டின் தெற்குக் கோடியில் இருக்கும் சலாலாவுக்கு இரண்டு வழி. ஒன்று நிஸ்வா, ஆதம், ஹைமா, தும்ரைத் என்று பாலைவனத்தின் நடுவே போகும் 31-ஆம் நம்பர் ரோடு, சுமார் 1,000 கிலோமீட்டர். இன்னொன்று சூர், அல் அஷ்கரா, துக்கும், சுவைமியா, ஹாசிக், மிர்பாத் என்று அரபிக்கடலை ஒட்டியே போவது. இதில் முந்நூறு கிலோமீட்டராவது கூடும். முதல் வழியை முட்டி மோதி ஒரே நாளில் ஓட்டிவிடலாம். இரண்டாவதுக்கு மூன்று நாளாவது வேண்டும், அதுவும் வழியில் எங்கேயும் மாட்டாமல் போனால்.

31 பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆதம் தாண்டினால் இரண்டு பக்கமும் கப்பி கொட்டிய மாதிரி வெறும் சமவெளி, மேடு கிடையாது, மரம் கிடையாது, தூரத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிற மாதிரி கானல். முன்னே எல்லாம் ஒற்றை ரோடாக இருந்தபோது முன்னே போகும் லாரியை முந்தப் போய் எதிரே வரும் வண்டியோடு நேருக்கு நேர் மோதிச் செத்தவர்கள் ஏராளம். இப்போது பெரிய பகுதி இரட்டை ரோடாகிவிட்டது. காபா, கஃப்தைன், கித்பித் என்று வழியில் ரெஸ்ட் ஹவுஸ்கள் உண்டு, பங்க்குப் பக்கத்து ஓட்டல்களில் மலையாளிகள் பரோட்டா போடுவார்கள். வண்டி 120-ஐத் தாண்டினால் டிங் டிங் என்று கத்தும், அதுதான் உங்களைத் தூங்கவிடாத ஒரே துணை. இந்த ரோட்டின் எதிரி குழியும் இல்லை, வளைவும் இல்லை, தூக்கம்தான். இரண்டாவது எதிரி ஒட்டகம். ராத்திரி அது ரோட்டில் நின்றால் ஹெட்லைட்டில் நாலு கால் மட்டும்தான் முதலில் தெரியும். பம்பர் காலைத் தட்டிவிடும், அத்தனை எடையுள்ள உடம்பு நேராகக் கண்ணாடி வழியாக உள்ளே வந்து விழும். அதனால் ஹைமாவுக்கு அப்பால் இருட்டில் ஓட்டாதே என்று அவனிடம் இரண்டு தடவை சொன்னேன். பயணம் என்று பார்த்தால் 31-இல் பார்க்க ஒன்றுமில்லை, அதற்காக அதைக் கேவலமாகப் பேசவும் மாட்டேன். டிக்கெட் கிடைக்காத பண்டிகை நாளில் ஊர் சேர்த்த ரோடு அது.

கடலோர வழி வேறு ஜாதி. சூர் வரைக்கும் நல்ல ஹைவே. அஷ்கராவைத் தாண்டியதும் வஹீபா மணல் மேடுகள் கடலில் வந்து இறங்கும் இடம், தார் ரோடுதான், ஆனால் காற்று அடித்தால் தார் எது மணல் எது என்று தெரியாது. கொஞ்சம் தள்ளி ஷன்னா, அங்கிருந்துதான் மசீரா தீவுக்கு வண்டி ஏற்றும் ஃபெர்ரி. அதற்குத் தெற்கே பர் அல் ஹிக்மான் என்று ஒரு தட்டை நிலம் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு கிடக்கும். ஓமன் அரேபியா என்கிற பெரிய தீபகற்பத்தின் ஓரம் என்றால், இது அந்த ஓரத்தில் முளைத்த ஒரு குட்டித் தீபகற்பம். பனிக்காலத்தில் லட்சக்கணக்கில் பறவைகள் வந்து இறங்கும், நம்ம பழவேற்காட்டுக்கு வருகிற மாதிரி, ஆனால் பத்து மடங்கு. அதற்கப்புறம் கலூஃப் என்ற மீனவக் கிராமம், சர்க்கரை கொட்டிய மாதிரி வெள்ளை மணல் மேடு. அங்கே படகு இறக்குவதைப் பார்க்க வேண்டும். நம்ம குப்பத்தில் ஏலேலோ போட்டு இருபது பேர் தள்ளுவதை, அங்கே ஒரே ஆள் லேண்ட் குரூசர் பிக்கப்பை அலைக்குள் பின்னோக்கி விட்டு முடித்துவிடுவான். வண்டி இரண்டு மூன்று வருஷத்தில் துருப்பிடித்து உளுத்துவிடும், அவன் கவலைப்பட மாட்டான்.

என் கதை நடந்தது இந்தப் பர் அல் ஹிக்மானில்தான். ஒரு டிசம்பர் மாதம், கலூஃபில் லோடு காத்திருந்தது. தார் ரோட்டில் சுற்றிக்கொண்டு போகச் சோம்பல்பட்டு, கூட வந்த மலையாளி நண்பர் "நேரே போகலாம் அண்ணா, எல்லாம் மைதானம்" என்றதை நம்பி இறக்கிவிட்டேன். பார்க்க கிரிக்கெட் மைதானம் மாதிரிதான் இருந்தது. அதற்குப் பேர் சப்கா. மொட்டை மாடியில் காய்ந்த கூழ்வடாம் தெரியும் அல்லவா, மேலே மொறுமொறு என்று இருக்கும், விரலை அழுத்தினால் அடியில் இன்னும் கூழ்? அதேதான். மேலே உப்புப் பொருக்கு, கீழே கடல் தண்ணீர் ஊறிய களி. ஆள் நடந்தால் தாங்கும், வண்டி போனால் உடையும். ஒரு இடத்தில் நிலத்தின் நிறம் வெளிர் மஞ்சளிலிருந்து ஈரமண் நிறமாக மாறியது, நானும் பார்த்தேன், பார்த்தும் பிரேக் போட்டேன். அதுதான் தப்பு. பிரேக் போட்ட இடத்திலேயே நாலு சக்கரமும் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. கதவைத் திறந்தால் கதவின் அடி மண்ணைச் சீய்த்தது.

மணலில் மாட்டினால் காற்றை இறக்கித் தோண்டி வெளியே வரலாம். சப்காவில் தோண்டத் தோண்டக் குழியில் தண்ணீர் ஊறும். மண்வெட்டி வேறு கிடையாது, சாப்பாட்டுத் தட்டால் தோண்டினோம். பழைய மீன் வலை, மிதியடி, ஐஸ் பெட்டியின் மூடி என்று இருந்ததை எல்லாம் சக்கரத்துக்கு அடியில் கொடுத்துப் பார்த்தோம், ஐஸ் பெட்டி மூடி இரண்டாக உடைந்ததுதான் மிச்சம். சாயங்காலம் வரைக்கும் ஈ காக்கை இல்லை. வெளிச்சம் போகும் நேரத்தில் இரண்டு ஓமனி மீனவர்கள் பிக்கப்பில் வந்தார்கள். கிட்டே வரவே இல்லை, அவர்கள் வண்டி பழைய சக்கரத் தடத்தை விட்டு ஒரு அடி இறங்கவில்லை. படகுக் கயிற்றை இரண்டு மூன்றாக முடிச்சுப் போட்டு நீட்டி, "ஷுவே ஷுவே" என்று சொல்லிக்கொண்டே மெதுவாக இழுத்தார்கள். ராத்திரி அவர்கள் குடிசையில் சோறும் உலர்த்திய சுறாவும். எனக்கு அம்மா செய்யும் சுறாப்புட்டு ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது, நண்பர் அது உப்பு ஜாஸ்தி என்பதால் என்று இன்றைக்கும் சொல்கிறார்.

அன்றைக்குக் கற்றது இவ்வளவுதான். பழைய தடம் இருந்தால் அதிலேயே போ, தடம் இல்லாத அழகான சமநிலம் என்றால் அது பொறி. மழை பெய்திருந்தாலோ, அமாவாசை பௌர்ணமி ஓதம் ஏறியிருந்தாலோ அந்தப் பக்கமே தலை வைக்காதே. நிறம் மாறினால் பிரேக் போடாதே, வேகம் குறையாமல் அகலமாக வளைத்து வந்த வழிக்கே திரும்பு.

மண் ரோடு இன்னொரு கணக்கு. கிராமங்களுக்குப் பிரியும் கிளை ரோடுகள் பல இடத்தில் வெறும் கப்பி மண், அதில் லாரிகள் ஓடி ஓடி அலையலையாகிவிடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் ஓட்டுகிற மாதிரி இருக்கும். முப்பதில் போனால் பல் கழன்றுவிடும், எழுபது எண்பதில் போனால் சக்கரம் அலையின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு மிதக்கும், சுகமாகத்தான் இருக்கும், வளைவு வரும் வரைக்கும். மிதக்கிற வண்டிக்கு மண்ணில் பிடி கிடையாது, வளைவில் அது நேராகத்தான் போகும். டயர் காற்று தாரில் 35 பாயின்ட் வைத்தால், இந்த ரோட்டில் 25, கலூஃப் மணலில் 15-இலிருந்து 18. திரும்பத் தார் ஏறியதும் காற்றை ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் டயர் சூடேறி வெடிக்கும். சிகரெட் லைட்டரில் சொருகும் சின்ன கம்ப்ரசர் ஒன்று இருந்தால் போதும்.

துக்குமுக்குத் தெற்கே வந்துவிட்டால் கடலோர வழிக்கு நான் அடிமை. ராஸ் மத்ரக்காவில் கறுப்புப் பாறைக்கு நடுவே வெள்ளை மணல். சுவைமியாவிலிருந்து ஹாசிக் போகும் ரோடு மலையை வெட்டிப் போட்டது, கீழே கடல், மேலே செங்குத்துப் பாறை. அந்தத் துண்டு வருவதற்கு முன்னால் சுவைமியாவிலிருந்து உள்ளே போய் தும்ரைத் சுற்றித்தான் சலாலா போக வேண்டும். ஹாசிக் தாண்டினால் கடற்கரையில் மத்தியைக் காய வைத்திருப்பார்கள், ஒட்டகத்துக்குத் தீனி! மலைப் பக்கம் குந்திரிக்க மரம். ராயபுரத்தில் ராயப்பர் கோயிலில் புகையும்போது எங்கிருந்தோ வருகிறது என்று நினைத்த வாசனை, பட்டையைக் கீறிய இடத்தில் பால் துளியாக நிற்பதை அங்கேதான் பார்த்தேன்.

வண்டி என்று வந்தால், 31-க்கு எந்தச் சின்ன காரும் போதும். கடலோரத்தில் தாரை விட்டு இறங்கவே மாட்டேன் என்றால் அதற்கும் கார் போதும். இறங்குவதாக இருந்தால் நாலு சக்கர டிரைவ் வேண்டும், அதுவும் இரண்டு வண்டியாகப் போக வேண்டும். ஒற்றை லேண்ட் குரூசரை விட ஜோடி ஹைலக்ஸ் எவ்வளவோ மேல், ஒன்று மாட்டினால் இன்னொன்று இழுக்கும். வாடகை வண்டியில் இன்னொரு தலைவலி உண்டு. மணல், வாதி (மழை வந்தால் மட்டும் வெள்ளம் ஓடும் காய்ந்த ஆறு), கடல் தண்ணீரால் வரும் சேதத்துக்குப் பெரும்பாலும் இன்சூரன்ஸ் கிடையாது. ஒருமுறை நானும் நண்பர்களும் வாடகைக்கு எடுத்த வண்டியை பீச்சில் ஓட்டிவிட்டு, மேலே பளபளவென்று கழுவித் திருப்பிக் கொடுத்தோம். வாடகைக் கம்பெனிக்காரன் நேராக அடியில் போய்ப் படுத்தான், சேஸிஸில் ஒட்டிய உப்பை நகத்தால் சுரண்டி எடுத்துக் காட்டினான். டெபாசிட் பணம் அதோடு சரி.

காலம் பார்க்காமல் போகாதீர்கள். ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சலாலாவில் கரீஃப் என்கிற மழைக்காலம், சாரல், பச்சை மலை, எல்லோரும் அதற்குத்தான் கிளம்புவார்கள். அந்த மாதங்களில் ஹைமா பக்கம் வெயில் 45 டிகிரி போகும், துக்கும் கரையில் கடல் காற்றால் பத்து டிகிரி வரை குறைவாக இருக்கும். ஆனால் அதே காற்றுதான் மணலை ரோட்டில் கொட்டும், கடல் கொந்தளிக்கும், பீச்சில் ஓட்டுவது நடக்காது. 31-இல் வருபவர்களுக்கும் தும்ரைத் தாண்டி மலை இறங்கும்போது பத்தடி தெரியாத மூடுபனி காத்திருக்கும். கடலோரத்துக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் என் ஓட்டு. புயல் மாதங்கள் மே, ஜூன், அப்புறம் அக்டோபர். 2018 மே மாதம் மெகுனு புயல் சலாலா பக்கத்து ரோடுகளை அறுத்துப் போட்டது. வாதியில் வெள்ளம் ஓடினால் காத்திருங்கள், துணிந்து இறக்கினால் போலீஸ் கேஸ் வேறு.

பெட்ரோலுக்குப் பெரிய தத்துவம் இல்லை, பங்க் கண்ணில் பட்டால் பாதி டேங்க் இருந்தாலும் நிரப்பு. ஆளுக்கு நாளைக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். போன் சிக்னல் இருக்கும் இடத்தில் 9999 அடித்தால் போலீஸ் வரும், சப்காவில் சிக்னல் இருக்காது.

அக்கா பையன் என்ன வண்டி எடுத்திருக்கிறான் என்று கேட்டால், ஒரே ஒரு செடான். போகும்போது 31 என்று முடித்துவிட்டேன். திரும்பும்போது மிர்பாத், ஹாசிக், சுவைமியா, துக்கும் என்று தாரிலேயே கடலைப் பார்த்துக்கொண்டு வந்து, துக்குமிலிருந்து உள்ளே திரும்பி ஹைமாவில் 31-ஐப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அந்தக் குறுக்கு ரோட்டுப் பக்கம்தான் ஜாலூனி, ஓரிக்ஸ் மான்களின் சரணாலயம். யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலிருந்து உலகத்திலேயே முதல் ஆளாகத் தூக்கப்பட்ட இடம் அது, 2007-இல், சரணாலயத்தின் பரப்பைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கியதால். கலூஃப், பர் அல் ஹிக்மான் பக்கம் போகவே வேண்டாம், அதற்கு அடுத்த வருஷம் இரண்டு வண்டியோடு வா, நானே விசிட் விசாவில் வந்து கூட்டிப்போகிறேன் என்றேன். "சரி மாமா, சரி மாமா" என்றான்.

நேற்று ராத்திரி மெசேஜ் வந்தது: "மாமா, ருவியில மண்வெட்டி எந்தக் கடையில கிடைக்கும்?" செடானில் தார் ரோட்டில் போகிறவனுக்கு மண்வெட்டி எதற்குடா என்று திருப்பிக் கேட்டேன். பார்த்துவிட்டான், இன்னும் பதில் போடவில்லை.