ஜவ்வு விலகலுக்கு டிகம்ப்ரெஷன் மேஜை: எதோடு எதை ஒப்பிடுவது?

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் எல்4-எல்5, எல்5-எஸ்1 என்று (கீழ்முதுகு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்குகள், அதாவது ஜவ்வுகள்) ஏதோ ஒன்றைப் பார்த்துப் பயந்துபோய் போனில் தேடினால், 'ஆபரேஷன் இல்லாமல் டிஸ்க் பிரச்சினைக்குத் தீர்வு' என்ற விளம்பரம் வந்து நிற்கும். ஒரு பக்கம் கத்தி, இன்னொரு பக்கம் முதுகை மெல்ல இழுத்துவிடும், வலிக்காத டிகம்ப்ரெஷன் மேஜை. இப்படிக் காட்டினால் யார்தான் கத்தியைக் கேட்பார்கள்? ஆனால் ஜவ்வு பிதுங்கியவர்களில் பெரும்பாலோர் கத்தி வரைக்கும் போவதே இல்லை. ஆக, அந்த மேஜைக்கு உண்மையான போட்டி வலி மாத்திரையும் பயிற்சியும் சில வாரப் பொறுமையும்தான். விலையும் அவற்றோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் மேஜை. மார்புக்கு ஒரு பெல்ட், இடுப்புக்கு ஒரு பெல்ட் கட்டிப் படுக்க வைப்பார்கள். மேஜையின் கீழ்ப்பாதி மெல்ல நகரும். கம்ப்யூட்டர் சொன்ன அளவுக்கு ஒரு நிமிடம்போல இழுத்து, தளர்த்தி, மறுபடி இழுத்து என்று ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடும். படுத்திருப்பவருக்குச் சுகமாகவே இருக்கும், சிலர் தூங்கிவிடுவதும் உண்டு. இந்த வகையில் முதலில் பேர் வாங்கிய வாக்ஸ்-டி கருவியை வைத்து 1994ல் ஓர் ஆய்வு வந்தது: இழுக்கும்போது டிஸ்குக்குள் அழுத்தம் மைனஸ் 100 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் கீழே இறங்கியது என்று. 'வெற்றிடம் உண்டாகி ஜவ்வை உள்ளே இழுத்துக்கொள்ளும்' என்று விளம்பரங்கள் சொல்வதற்கு வேர் இதுதான். அளந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரிடம். அழுத்தத்தை அளந்தார்களே தவிர, பிதுங்கிய ஜவ்வு உள்ளே போய் அங்கேயே தங்கியதை யாரும் அதில் காட்டவில்லை. மேஜையை விட்டு எழுந்ததும் உடம்பின் பாரம் அதே டிஸ்க்மேல்தானே இறங்கப்போகிறது?

'எங்களுடையது சாதாரண ட்ராக்‌ஷன் இல்லை சார்' என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கருவிகள் மருந்துக்கும் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்டிஏவில் அனுமதி வாங்கியதே 'ஏற்கெனவே சந்தையில் இருக்கும் ட்ராக்‌ஷன் கருவிகளுக்கு இணையானது' என்று சொல்லித்தான். சரி, அந்தப் பழைய ட்ராக்‌ஷன் எப்படி? இடுப்பில் பெல்ட் கட்டி எடை தொங்கவிடுகிற அதே சங்கதிதான். 32 ஆய்வுகளை, 2,700க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த 2013 காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துச் சீர்தூக்கும் அமைப்பு) அலசல், வலியிலும் நடமாட்டத்திலும் ட்ராக்‌ஷனால் பெரிய பலன் இல்லை என்றது. 2016ல் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு, இடுப்புவலிக்கும் சியாட்டிகாவுக்கும் (இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்புவலி) ட்ராக்‌ஷன் கொடுக்காதீர்கள் என்றே எழுதிவிட்டது. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் வாக்ஸ்-டிக்குப் பணம் தருவதில்லை. கம்ப்யூட்டர் வைத்த மேஜை மட்டும் தனி ரகம் என்று காட்டப் பெரிய, நல்ல ஆய்வு வேண்டும். இதுவரை இருப்பவை சின்னச் சின்ன ஆய்வுகள்.

பிறகு எப்படி நிறைய பேருக்குச் சரியாகிறது? பிதுங்கிய ஜவ்வை உடம்பே கரைத்துக்கொள்கிறது என்பதுதான் பாதி விஷயம். 2017ல் வந்த ஒரு தொகுப்பாய்வில் ஆபரேஷன் செய்யாமல் விட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு இப்படிச் சுருங்கியிருந்தது. அதிலும், படத்தில் பார்க்கப் பயங்கரமாக இருக்கும் துண்டாகிப் பிரிந்த ஜவ்வுதான் லேசாகப் புடைத்திருக்கும் பல்ஜைவிட நன்றாகக் கரைகிறது. மேஜைக்கு விற்கும் ஆறு வாரப் பேக்கேஜ் முடியும் நேரமும் உடம்பு தானே தேறும் நேரமும் ஒன்றாக வந்தால் பேர் மேஜைக்குப் போய்விடும்.

என் ஓட்டு பயிற்சிக்குத்தான். நியூசிலாந்து பிசியோ ராபின் மெக்கென்சியின் கதை சுவாரஸ்யமானது. 1956ல் அவருடைய நோயாளி ஒருவர், தலைப்பக்கம் தூக்கிவைத்திருந்த மேஜையில் தற்செயலாகக் குப்புறப் படுத்துவிட்டார், முதுகு பின்னால் வளைந்தபடியே. திட்டுவதற்குப் பதில் அவர் காலில் வலி போய்விட்டது என்றார்! அதிலிருந்து வந்த முறையில் கவனிக்க வேண்டியது ஒன்று: கெண்டைக்கால்வரை இறங்கிய வலி தொடைக்கு, பிறகு இடுப்புக்கு என்று மேலே ஏறிச் சுருங்கினால், இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் அது நல்ல அறிகுறி. காலில் இன்னும் கீழே இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்த வேண்டும். எல்லாருக்கும் பின்வளைவு ஒத்துவராது, அதனால் முதல் சில நாள் பிசியோ பக்கத்தில் இருப்பது நல்லது. கற்றுக்கொண்டால் வீட்டுப் பாயிலேயே செய்யலாம்.

முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி, கால்வலி தூங்கவிடாத நாட்களைக் கடத்த உதவும். பலன் பெரும்பாலும் சில வாரம், அவ்வளவுதான்.

ஆபரேஷனை விளம்பரங்கள் பூச்சாண்டி ஆக்குவதும் நியாயமில்லை. கால்வலி தீராமல் இருந்த 283 பேரை வைத்து நெதர்லாந்தில் நடந்து 2007ல் வெளியான ஆய்வில், சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு, காத்திருந்தவர்களைவிட, வலி வேகமாகக் குறைந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே நிலை. காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். வேலைக்குத் திரும்பியே ஆக வேண்டியவருக்கு அந்த வேகம் பெரிய விஷயம்.

கால் கட்டைவிரலைத் தூக்க முடியவில்லை, குதிகாலில் நடக்க வரவில்லை என்றால் மேஜை பற்றி யோசிக்காமல் டாக்டரைப் பாருங்கள். சிறுநீர் அடைத்தாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ அன்றைக்கே, ராத்திரியானாலும், எமர்ஜென்சிக்கு. எலும்பு மெலிந்து பலவீனமாகும் ஆஸ்டியோபோரோசிஸ், எலும்பு முறிவு, கர்ப்பம், வயிற்றில் பெருந்தமனி வீக்கம் உள்ளவர்கள், முதுகில் ஸ்குரூ வைத்தவர்கள் மேஜைப் பக்கமே போக வேண்டாம். மற்றபடி போய்த்தான் பார்ப்பேன் என்றால், மொத்தப் பேக்கேஜுக்கும் முன்பணம் கட்டாமல் அன்றன்றைக்குக் கொடுங்கள். மாட்டோம் என்றால் வேறு இடம் பாருங்கள்.